மறுபடியும் பார்க்கும் முகம்

சிவாஜிநகரின் தெருப்பலகைகளை வரிசையாகப் படித்துக்கொண்டு போனால், இருநூறு ஆண்டுகளில் யாருக்கு யாரைத் தெரிந்திருந்தது என்ற கணக்கு ஓரளவு புரியும். நாராயண பிள்ளை தெரு, வீரப் பிள்ளை தெரு, இப்ராகிம் சாகிப் தெரு, மீனாட்சி கோயில் தெரு, தர்மராஜா கோயில் தெரு. 1809இல் ஆங்கிலேயப் படை ஸ்ரீரங்கப்பட்டணத்தை விட்டுப் பெங்களூருக்கு இடம் மாறியது. உள்ளூர்க்காரர்கள் ‘தண்டு’ என்று அழைத்த அந்தக் கன்டோன்மென்டின் பின்னாலேயே தமிழ் பேசும் சிப்பாய்களும், சமையல்காரர்களும், சலவைக்காரர்களும், துபாஷிகளும், கன்டிராக்டர்களும் வந்து சேர்ந்தார்கள். அவர்கள் குடியேறிய இடங்களில் ஒன்று பிளாக்பள்ளி. இன்று அதற்குப் பெயர் சிவாஜிநகர்.

ஒரு படைக்குத் தினமும் இறைச்சி வேண்டும், காய்கறி வேண்டும், குதிரைக்குத் தீவனம் வேண்டும், துணியும் செங்கல்லும் சுண்ணாம்பும் வேண்டும். கொடுக்க முன்வருகிறவர்கள் ஏராளம். வாங்குகிற அதிகாரிக்கு ஊரும் தெரியாது, மொழியும் தெரியாது. ஆகவே ஏற்கெனவே பழகிய ஒருவன் யாரைக் காட்டுகிறானோ அவனிடமே வாங்குவான். 1827இல் பிறந்த ஆற்காடு நாராயணசாமி முதலியார் இந்த உலகத்தில்தான் வணிகராக எழுந்தார். 1868இல் கட்டி முடிக்கப்பட்ட அட்டாரா கச்சேரியை, அதாவது இன்று கர்நாடக உயர் நீதிமன்றம் இயங்கும் சிவப்புக் கட்டடத்தை, ஒப்பந்தம் எடுத்துக் கட்டியவர் அவர். 1873இல் ஏழைப் பிள்ளைகளுக்காக அவர் தொடங்கிய பள்ளியின் தொடர்ச்சி, அவர் பெயரின் முதலெழுத்துகளைத் தாங்கிய கல்வி நிறுவனங்களாக அல்சூர் ஏரிப் பக்கம் இன்னும் நடக்கிறது. அவ்வளவு பெரிய கட்டடத்தை விலைப்புள்ளித் தாளை மட்டும் பார்த்து யாரும் ஒருவரிடம் ஒப்படைத்திருக்க மாட்டார்கள் என்று ஊகிப்பதில் தவறில்லை.

சிவாஜிநகரின் சந்தையான ரஸ்ஸல் மார்க்கெட்டிலிருந்து எம்.ஜி. சாலை ஓட்டல்களுக்கு இரண்டு கிலோமீட்டர்தான். அந்த ஓட்டல்களின் அரங்குகளில் மாலை வேளைகளில் நடப்பது வேறு மாதிரி. கழுத்தில் பெயர் அட்டை, கையில் காபிக் கோப்பை, செல்போனில் கியூஆர் கோடு. தொழில்முனைவோர், ஸ்டார்ட்அப் நிறுவனர்கள், மனிதவள அதிகாரிகள், முதலீட்டாளர்கள் என்று கூட்டம் நிரம்பியிருக்கும். நெட்வொர்க்கிங் நிகழ்ச்சி. ஒவ்வொருவரும் தம்மை முப்பது விநாடியில் அறிமுகப்படுத்திக்கொள்கிறார்கள். வீடு திரும்பும்போது பையில் இருபது விசிட்டிங் கார்டு. ஒரு வாரம் கழித்து அந்த இருபதில் எந்த முகமும் நினைவில் இருக்காது.

இதனால் இக்கூட்டங்களைக் கேலி செய்வது எளிது. பெங்களூரில் அந்தக் கேலிக்குப் பஞ்சமும் இல்லை. நான் கேட்க விரும்புவது வேறு கேள்வி. முன்பின் தெரியாத இருவருக்கு இடையே, தொழிலுக்கு உதவுகிற ஒரு தொடர்பு எப்படி உண்டாகிறது? கடந்த ஐம்பது ஆண்டுகளில் சமூகவியலாளர்களும் பொருளியலாளர்களும் இதற்குச் சொல்லியிருக்கும் பதில்களைச் சிவாஜிநகர்ச் சந்தையோடு சேர்த்துப் படித்தால் ஒரு விஷயம் துலங்குகிறது. முதல் சந்திப்பு எவ்வளவு சிறப்பாக அமைந்தது என்பதற்கு நாம் கொடுக்கும் முக்கியத்துவம் மிக அதிகம். அதே ஆளை மறுபடி பார்க்கவேண்டிய கட்டாயம் இருக்கிறதா என்பதில்தான் பெரும்பகுதி தீர்மானமாகிறது.

முதலில் அரங்கத்துக்குள்ளேயே என்ன நடக்கிறது என்று பார்க்கலாம். கொலம்பியா பல்கலைக்கழக வணிகப் பள்ளியைச் சேர்ந்த பால் இங்ரம், மைக்கேல் மோரிஸ் இருவரும் 2007இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். நிர்வாகத் துறை மாணவர்களாக இருந்த ஏறத்தாழ நூறு தொழில்துறையினரை ஒரு மாலைநேரக் கூட்டத்துக்கு அழைத்து, யார் யாரோடு எவ்வளவு நேரம் நின்றார்கள் என்பதைப் பதிவு செய்யும் மின்னணுப் பெயர் அட்டைகளை மாட்டிவிட்டார்கள். புதியவர்களைச் சந்திப்பதே தங்கள் நோக்கம் என்று கிட்டத்தட்ட எல்லோருமே முன்கூட்டிச் சொல்லியிருந்தார்கள். அட்டைகள் சொன்ன கதை வேறு. ஏற்கெனவே தெரிந்தவர்களோடுதான் அவர்கள் அதிகம் பேசிக்கொண்டிருந்தார்கள். தம் இனத்தைச் சேர்ந்த ஒருவராவது நிற்கிற குழுவில் சேர்வதும், அவர் இருக்கும்வரை அங்கேயே நிற்பதும் நடந்தது. அன்று மிக அதிகமாக எல்லோரோடும் கலந்தவர் யார் என்று பார்த்தால், பானம் ஊற்றிக்கொடுத்த ஊழியர்! அவருக்கு யாரையும் தேடிப் போகவேண்டிய அவசியமில்லை. எல்லோரும் அவரிடம் வந்தாக வேண்டும். வந்தவர்கள் திரும்பவும் வருவார்கள்.

கலந்துகொண்டவர்களின் கூச்சத்தை இதற்குக் காரணமாகச் சொல்லிவிட முடியாது. அவர்கள் பேசத் தெரிந்தவர்கள்; பேசுவதே அவர்களில் பலருக்குத் தொழில். ஒரு பெரிய அறையில், நோக்கம் சொல்லப்படாத கூட்டத்தில், முன்பின் அறியாத ஒருவரை அணுகுவதற்கு நியாயமான காரணம் எதுவும் கிடைப்பதில்லை. கல்யாண வீட்டில் தெரியாதவரிடம் போய் ‘நீங்க பொண்ணு வீடா, மாப்பிள்ளை வீடா?’ என்று கேட்டுவிடலாம். ஓட்டல் அரங்கில் அப்படி ஒரு கேள்வி கிடையாது. ‘என்ன பண்றீங்க?’ என்று கேட்டால், உங்களால் எனக்கு என்ன ஆகும் என்று கேட்பதாகவே எதிராளியின் காதில் விழுகிறது.

அப்படியானால் தெரியாதவர்களைத் தேடிப் போகவே வேண்டாமா? வேண்டும் என்பதற்கு வலுவான காரணம் உண்டு. மார்க் கிரானோவெட்டர் 1973இல் எழுதிய, மெல்லிய உறவுகளின் வலிமை பற்றிய கட்டுரை சமூகவியலில் மிக அதிகம் மேற்கோள் காட்டப்படும் கட்டுரைகளில் ஒன்று. பாஸ்டனுக்கு அருகில் உள்ள நியூட்டனில் வேலை மாறிய அலுவலர்களை அவர் விசாரித்தார். யார் மூலமாவது வேலை பெற்றவர்களில், அந்த ‘யார்’ வாரம் இரண்டு முறையாவது பார்க்கும் நெருக்கமானவர் என்று சொன்னவர்கள் 16.7 சதவீதம். எப்போதாவது பார்க்கிறவர் என்று சொன்னவர்கள் 55.6 சதவீதம். வருடத்துக்கு ஒருமுறையோ அதற்கும் குறைவாகவோ பார்க்கிறவர் என்றவர்கள் 27.8 சதவீதம். இதில் புதிர் ஏதுமில்லை. நெருங்கிய நண்பனுக்குத் தெரிந்தது பெரும்பாலும் எனக்கும் தெரிந்திருக்கும். வேறு வட்டத்தில் புழங்குகிறவனிடமிருந்துதான் புதிய சேதி வரும்.

ஐம்பது ஆண்டுகள் கழித்து இந்தக் கருத்தை நேரடியாகச் சோதித்துப் பார்க்கும் வாய்ப்பு லிங்க்ட்இன் தளத்தில் கிடைத்தது. 2022இல் ‘சயின்ஸ்’ இதழில் வந்த ஆய்வு, ஐந்தாண்டுக் காலத்தில் இரண்டு கோடிப் பேரிடம் நடத்திய பரிசோதனைகளை அடிப்படையாகக் கொண்டது. யாருக்கு எந்த மாதிரி ஆட்களை ‘இவரை உங்களுக்குத் தெரிந்திருக்கலாம்’ என்று காட்டுவது என்பதை மாற்றி மாற்றி அமைத்தார்கள். மெல்லிய உறவுகள் வேலை மாற உதவுகின்றன என்பது உறுதியானது. ஆனால் ஒரேயடியாக மெலிந்துபோன உறவு அவ்வளவாக உதவவில்லை. நடுத்தரமாக மெலிந்தது, பொதுவான சில நண்பர்களாவது இருப்பது, அதுவே அதிகம் உதவியது. இன்னொன்றும் தெரிந்தது. கணினி சார்ந்த தொழில்களில் மெல்லிய உறவு பயன்பட்டது. கணினியை அதிகம் சாராத தொழில்களில் நெருக்கமான உறவே கைகொடுத்தது. எம்.ஜி. சாலைக்கும் சிவாஜிநகருக்கும் இடையிலுள்ள அந்த இரண்டு கிலோமீட்டரின் வேறுபாடு பாதி இதில் அடங்கிவிடுகிறது.

மீதிப் பாதிக்கு ரஸ்ஸல் மார்க்கெட்டுக்குள் போகவேண்டும். நகராட்சி ஆணையராக இருந்த டி.பி. ரஸ்ஸலின் பெயரால் 1927இல் எழுந்த கட்டடம் அது. புனித மரியன்னை பேராலயத்துக்குப் பக்கத்தில் இருக்கிறது. காய், பழம், பூ, மீன், இறைச்சி எல்லாம் உண்டு. சுற்றிலும் பாத்திரம், துணி, பழைய வண்டி உதிரிப் பாகம் என்று தெருவுக்குத் தெரு ஒரு சரக்கு. தமிழ், தக்கனி உருது, கன்னடம் மூன்றும் ஒரே வாக்கியத்துக்குள் புழங்கும். ஒரு பிரியாணிக் கடைக்காரர் தினம் கறி வாங்குகிறார் என்றால், காலையில் பத்துக் கடை ஏறி இறங்கி விலை விசாரிக்கமாட்டார். அவருக்கு ஒரு ‘பாய்’ இருக்கிறார். அங்கேயும் பேரம் நடக்கும், சத்தம் நடக்கும், ‘போன தடவை எலும்புதான் இருந்தது’ என்ற புகாரும் இருக்கும். ஆனாலும் கடை மாறுவதில்லை.

கிளிஃபர்ட் கீர்ட்ஸ் என்ற மானுடவியலாளர் மொராக்கோவின் செஃப்ரூ நகரச் சந்தையை ஆராய்ந்து 1978இல் எழுதியது இதற்கு அப்படியே பொருந்தும். சந்தையில் எல்லோரும் தேடுவது சரக்கை விட அதிகமாகத் தகவலைத்தான் என்றார் அவர். எது நல்ல சரக்கு, எது நியாய விலை, யார் சொன்ன சொல் தவறாதவன் என்பவை எளிதில் கிடைப்பதில்லை. கிடைப்பதும் எல்லோருக்கும் ஒரே அளவில் கிடைப்பதில்லை. ஆகவே வாங்குகிறவனும் விற்கிறவனும் ஒருவரையொருவர் பிடித்துவைத்துக்கொள்கிறார்கள். நாம் வாடிக்கை என்போம். வாடிக்கை என்பது ஒருவன் மேல், ஒருவன் கீழ் என்ற உறவு அல்ல, இரு பக்கமும் சமமாகப் பேரம் பேசிக்கொள்ளும் உறவு என்று கீர்ட்ஸ் கவனித்தார். இன்று ஏமாற்றினால் நாளைக் காலை அதே முகத்தைப் பார்க்கவேண்டும் என்ற நினைப்பே பாதி வேலையைச் செய்துவிடுகிறது.

இந்த வாடிக்கைக்குள் புதிதாக ஒருவன் நுழைவது எப்படி? வேறொரு வாடிக்கைக்காரர் கூட்டிக்கொண்டு வந்து ‘நம்ம ஆளு, பார்த்துக் குடுங்க’ என்று சொல்லவேண்டும். அப்படிச் சொல்கிறவர் தன் பெயரை ஈடு வைக்கிறார். புதியவன் கடனை இழுத்தடித்தால் கடைக்காரர் முதலில் முகம் சுளிப்பது கூட்டி வந்தவரிடம்தான். லோரி பீமன், ஜெரமி மக்ரூடர் இருவரும் கொல்கத்தாவில் நடத்தி 2012இல் வெளியிட்ட பரிசோதனை இந்த ஈட்டின் மதிப்பைக் காட்டுகிறது. தற்காலிக வேலை ஒன்றுக்குத் தெரிந்த ஆளைக் கூட்டிவரச் சொன்னார்கள். கூட்டிவந்ததற்கே பணம் என்றபோது சொந்தக்காரர்கள் அதிகம் வந்தார்கள். வந்தவர் எப்படி வேலை செய்கிறாரோ அதைப் பொறுத்துத்தான் பணம் என்றதும் சொந்தக்காரர்கள் குறைந்தார்கள். திறமை மிகுந்தவர்கள் தம்மைப் போன்ற திறமைசாலிகளை அழைத்து வந்தார்கள். ஓட்டல் அரங்கில் ‘இவரைச் சந்தியுங்கள்’ என்று ஒரே இரவில் முப்பது ஜோடிகளை அறிமுகம் செய்துவைக்கும் ஏற்பாட்டாளர் எதையும் ஈடு வைப்பதில்லை. அந்த அறிமுகம் எடையில்லாமல் போவதற்கு அதுவே காரணம்.

இதுவரை சொன்னவை பெரும்பாலும் வேலை தேடுவதையும் வாடிக்கையையும் பற்றியவை. சந்திப்புகளால் உண்மையிலேயே தொழில் வளர்கிறதா என்பதை நேரடியாகச் சோதித்தவர்கள் ஜிங் சாய், ஆடம் ஸைட்ல் இருவரும். இவர்களின் ஆய்வு 2018இல் வெளிவந்தது. இந்தத் தலைப்பில் நான் படித்தவற்றில் மிகவும் உறுதியானதும் ஏற்பாட்டாளர்கள் மிகக் குறைவாகப் பேசுவதும் இதுதான் என்பதால் கொஞ்சம் நின்று சொல்கிறேன்.

சீனாவின் நான்சாங் நகரில் 2,820 இளம் நிறுவனங்களை எடுத்துக்கொண்டார்கள். அவற்றில் குலுக்கல் முறையில் தேர்ந்த சுமார் 1,500 நிறுவனங்களின் மேலாளர்களைப் பத்துப் பத்துப் பேர் கொண்ட சிறு குழுக்களாகப் பிரித்து, மாதம் ஒருமுறை சந்திக்கச் சொன்னார்கள். ஓர் ஆண்டு. ஒருவர் தொழிற்சாலையை மற்றவர்கள் போய்ப் பார்ப்பார்கள், தொழில் பற்றிப் பேசுவார்கள், அவ்வளவுதான். பயிற்சியாளரும் இல்லை, மேடைப் பேச்சாளரும் இல்லை. குழுவில் சேராத நிறுவனங்களோடு ஒப்பிட்டால், சேர்ந்தவற்றின் விற்பனை வருவாய் 8.1 சதவீதம் கூடியிருந்தது. லாபம், ஆட்களின் எண்ணிக்கை, நிர்வாகத் தரம் எல்லாமே முன்னேறின. சந்திப்புகள் முடிந்து ஓராண்டு கழிந்தும் அந்த வேறுபாடு மறையவில்லை.

யாரோடு உட்கார்ந்தார்கள் என்பதும் கணக்கில் வந்தது. தம்மைவிடப் பெரிய நிறுவனங்கள் இருந்த குழுவில் விழுந்தவர்கள் அதிகம் வளர்ந்தார்கள். குழுவைத் தீர்மானித்தது குலுக்கல். ஆகவே கெட்டிக்காரர்கள் பெரியவர்களைத் தேடிப் பிடித்துக்கொண்டார்கள் என்று இதைத் தள்ளிவிட முடியாது. ஆய்வாளர்கள் சில மேலாளர்களிடம் மட்டும் பயனுள்ள ஒரு தகவலைச் சொல்லி, அது எவ்வளவு தூரம் பரவுகிறது என்றும் பார்த்தார்கள். தனக்குப் போட்டியாகிவிடாத தகவல் குழுவுக்குள் தாராளமாகப் பரவியது. ஒருவருக்குக் கிடைத்தால் இன்னொருவருக்குக் குறையக்கூடிய தகவலோ, போட்டித் தொழில்காரர்கள் ஒன்றாக இருந்த குழுக்களில் அவ்வளவாக வாயைவிட்டு வெளியே வரவில்லை. மனித இயல்பு தெரிந்தவர்களுக்கு இது ஆச்சரியம் தராது. ஆனாலும் ஒரே துறையைச் சேர்ந்த ஐம்பது பேரை ஓர் அறைக்குள் அடைத்து ‘அனுபவங்களைப் பகிர்ந்துகொள்ளுங்கள்’ என்று சொல்லும் நிகழ்ச்சிகள் வாராவாரம் நடந்துகொண்டுதான் இருக்கின்றன.

நம் கேள்விக்கு மிக நெருக்கமான பகுதி இன்னொன்று. வெவ்வேறு குழுவினர் ஒரே ஒருமுறை கலந்து சந்திக்கும் கூட்டங்களையும் அவர்கள் நடத்திப் பார்த்தார்கள். தொழில் கூட்டுகளும் பரிந்துரைகளும் மாதாமாதம் சந்தித்த குழுக்களில்தான் அதிகம் உருவாயின. ஒருமுறைச் சந்திப்பு அந்த அளவுக்கு எதையும் தரவில்லை. பிரியாணிக் கடைக்காரருக்கும் அவருடைய பாய்க்கும் இடையில் நடப்பதை, குலுக்கலும் ஒப்பீட்டுக் குழுவும் வைத்து உறுதி செய்தது போலிருக்கிறது.

இதை ஓரளவு உணர்ந்து கட்டப்பட்ட அமைப்புகள் முன்பே உண்டு. 1905இல் சிகாகோவில் பால் ஹாரிஸ் என்ற வழக்கறிஞர் ஒரு நிலக்கரி வியாபாரி, ஒரு சுரங்கப் பொறியாளர், ஒரு தையற்கடைக்காரர் ஆகியோரோடு தொடங்கியதுதான் ரோட்டரி. ஒருவர் அலுவலகம் விட்டு ஒருவர் அலுவலகம் என்று சுழற்சியாகக் கூடியதால் அந்தப் பெயர். ஒரு தொழிலுக்கு ஓர் ஆள் என்ற விதியை ஆரம்பத்திலேயே வைத்தார்கள். 1985இல் ஐவன் மிஸ்னர் அமெரிக்காவில் தொடங்கி, இன்று நம் ஊர்களில் காலைச் சிற்றுண்டியோடு நடக்கும் பிஎன்ஐ கூட்டங்களும் அதே விதியை, வாரம் தவறாத வருகையோடு சேர்த்துக் கடைப்பிடிக்கின்றன. அவற்றின் கைதட்டலும் கோஷமும் எனக்கு ஒட்டுவதில்லை. ஆனால் வாராவாரம் வந்தே தீரவேண்டும் என்ற கண்டிப்பில் விஷயம் இருக்கிறது.

பெங்களூரின் தகவல் தொழில்நுட்ப வரலாற்றையே இப்படிப் படிக்கலாம். 1985இல் டெக்ஸாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் இந்தியாவில் தன் வடிவமைப்பு மையத்தைத் தொடங்கிய இடம் மில்லர்ஸ் சாலையின் சோனா டவர்ஸ், சிவாஜிநகரிலிருந்து கூப்பிடு தூரம். அங்கே செயற்கைக்கோள் கருவி மாட்டுவண்டியில் வந்து இறங்கிய கதையைப் பெங்களூர் இன்னும் சொல்லிக்கொண்டிருக்கிறது. அதைவிட முக்கியமானது, அந்த அலுவலகத்தில் ஆண்டுக்கணக்கில் அடுத்தடுத்த மேசையில் உட்கார்ந்தவர்கள் பின்னாளில் என்ன செய்தார்கள் என்பது. டெக்ஸாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸின் இந்தியக் கிளைக்குத் தலைவராக இருந்த ஸ்ரீனி ராஜம், அங்கே உடன் பணிபுரிந்தவர்களோடு சேர்ந்து 2001இல் இட்டியம் நிறுவனத்தைத் தொடங்கினார். அதற்கு இருபது ஆண்டுகள் முன்பு இன்ஃபோசிஸைத் தொடங்கிய ஏழு பேரும் பட்னி கம்ப்யூட்டர் சிஸ்டம்ஸில் ஒன்றாக வேலை பார்த்தவர்கள். நள்ளிரவில் ஒரு புரோகிராம் உடைந்து நின்றபோது பக்கத்து நாற்காலிக்காரர் எப்படி நடந்துகொண்டார் என்று பார்த்திருப்பது, எந்த அறிமுக உரையும் தராத தகவல்.

இவ்வளவு சொன்ன பிறகு சந்தையின் பக்கமே நின்றுவிடத் தோன்றும். ஆனால் அங்கே ஒரு பெரிய கோளாறு இருக்கிறது. மறுபடி மறுபடி பார்க்கும் முகங்களாலான வட்டம், புதிய முகத்துக்குக் கதவைத் திறப்பதில்லை. ‘நம்ம ஆளு’ என்ற சொல்லுக்குள் யார் அடங்குவார் என்பதைச் சாதி, மதம், தெரு, பால் எல்லாம் சேர்ந்து முன்பே எழுதிவைத்துவிடுகின்றன.

திருப்பூர் இதற்கு நல்ல சான்று. பின்னலாடைத் தொழிலில் மூலதனம் எப்படிப் போய்ச் சேர்கிறது என்று அபிஜித் பானர்ஜியும் கைவன் முன்ஷியும் ஆராய்ந்து 2004இல் எழுதினார்கள். உள்ளூர்க் கவுண்டர் சமூகத்துத் தொழிலதிபர்கள், வெளியிலிருந்து வந்தவர்களைவிட மிக அதிகமான மூலதனத்தோடு தொடங்கினார்கள். அவர்களுக்குச் சமூகப் பணம் எளிதில் கிடைத்தது. ஆனால் வெளியாட்களின் உற்பத்தி வேகமாக வளர்ந்து, சில ஆண்டுகளில் அவர்களைத் தாண்டியது. திறமை ஒரு பக்கம் இருக்க, பணம் தெரிந்தவர்கள் பக்கம் போயிருக்கிறது என்பதே இதன் பொருள். ஒரு நகரத்தை ஏற்றுமதி மையமாக உயர்த்திய அதே உறவுப் பின்னல், தன் எல்லைக்கு வெளியே நின்ற திறமைக்குப் பணம் போகாமலும் தடுத்தது.

பெயரே தடையாவதும் உண்டு. சுகதேவ் தோரட், பால் அட்டவெல் இருவரும் 2007இல் வெளியிட்ட ஆய்வில், நாளிதழ்களில் வந்த தனியார் வேலை விளம்பரங்களுக்கு 4,808 விண்ணப்பங்களை அனுப்பினார்கள். தகுதி ஒன்றுதான், பெயர்களில் மட்டும் வேறுபாடு. உயர்சாதி இந்துப் பெயரோடு ஒப்பிட்டால், தலித் பெயருக்கு அடுத்தகட்ட அழைப்பு வரும் வாய்ப்பு விகிதம் 0.67. முஸ்லிம் பெயருக்கு 0.33. சிவாஜிநகரிலிருந்து விண்ணப்பிக்கும் ஒரு பையனின் நிலையை இதோடு சேர்த்து யோசிக்கவேண்டும். அவனுக்குச் சந்தையில் நூறு பேரைத் தெரிந்திருக்கலாம். மில்லர்ஸ் சாலையின் மாடிகளில் இருப்பவர்களில் ஒருவரையும் தெரிந்திருக்காது. நெட்வொர்க்கிங் கூட்டத்தின் உண்மையான பயன் அவனுக்குத்தான். சொந்தத்திலோ சாதியிலோ கல்லூரியிலோ தெரிந்த ஆள் இல்லாதவனுக்கு. மற்றவர்களுக்கு அது ஒரு மாலைப்பொழுது.

ஆனால் கூட்டம் அவனுக்கு ஏற்றபடி அமைக்கப்படுவதில்லை. கட்டணம் ஒரு தடை, ஆங்கிலம் ஒரு தடை. பெண்களுக்கு மாலை ஏழு மணி என்ற நேரமே தடை. உள்ளே வந்துவிட்டாலும் கொலம்பியாவின் நூறு பேரைப் போல, தெரிந்தவர்கள் தெரிந்தவர்களோடு நிற்பார்கள். ஆரம்பத்திலேயே ஆறேழு பேர் கொண்ட மேசைகளாகப் பிரித்து உட்காரவைப்பது, தொழில்களைக் கலந்து போடுவது, அதே மேசை மூன்று நான்கு மாதம் தொடர்ந்து கூடவேண்டும் என்று முன்பே சொல்லிவிடுவது போன்ற எளிய ஏற்பாடுகள் இந்தச் சுவரைக் கொஞ்சம் உடைக்கும். செலவும் அதிகமில்லை. விருந்துக்கும் மேடை அலங்காரத்துக்கும் போகும் பணத்தில் ஒரு பங்கு போதும்.

கலந்துகொள்கிறவர் தன் அளவில் செய்யக்கூடியவையும் உண்டு. முன்கூட்டியே ஒருவரிடம் சொல்லி, ஒரே ஒரு சரியான அறிமுகத்தைக் கேட்டுப் பெறுவது இருபது அட்டையைவிட மேல். ஒருவரோடு பேசி முடிக்கும்போது அடுத்த சந்திப்புக்கு ஏதாவது காரணத்தை விட்டுவைத்து வருவது நல்லது. அவர் கேட்ட ஒரு விவரத்தை இரண்டு நாளில் அனுப்பிவைப்பதாக இருக்கலாம், அவருடைய பட்டறையைப் பார்க்க வருவதாகச் சொல்லலாம். சும்மா ‘தொடர்பில் இருப்போம்’ என்பது யாரையும் எதற்கும் கட்டுப்படுத்தாது. புதியவர்களைத் தேடுவதற்கு முன், விட்டுப்போன பழைய ஆட்களை நினைவுபடுத்திப் பார்ப்பதும் பலன் தரும். டேனியல் லெவின், ஜார்ஜ் வால்டர், கீத் மர்னிகன் மூவரும் 2011இல் வெளியிட்ட ஆய்வில், மூன்றாண்டுகளுக்கு மேல் பேசாமல் விட்டுப்போனவர்களைத் திரும்பத் தொடர்புகொண்டு வேலை பற்றி ஆலோசனை கேட்கும்படி நிர்வாகிகளிடம் சொன்னார்கள். அப்படிக் கிடைத்த யோசனைகள், நடப்பு நண்பர்கள் சொன்னவற்றுக்குச் சற்றும் குறையவில்லை, புதுமையில் மிஞ்சின. இடைப்பட்ட காலத்தில் அந்த மனிதர் வேறு உலகம் பார்த்திருக்கிறார். பழைய நம்பிக்கையும் கெட்டுப்போகவில்லை. பழைய அலுவலகத்தில் பக்கத்து இருக்கையில் இருந்தவருக்கு ஒரு போன் போடுவதற்கு ஓட்டல் அரங்கு தேவையில்லை.

ஏற்கெனவே உள்ளே இருப்பவர்களிடமும் கேட்கவேண்டியது ஒன்று இருக்கிறது. பீமனும் மக்ரூடரும் நியல் கெலஹரோடு சேர்ந்து ஆப்பிரிக்காவின் மலாவியில் இன்னொரு பரிசோதனை செய்து 2018இல் வெளியிட்டார்கள். வேலைக்கு விண்ணப்பித்தவர்களிடம் தெரிந்த ஒருவரைப் பரிந்துரைக்கச் சொன்னபோது, ஆண்கள் பரிந்துரைத்த பெண்கள் மிகச் சிலரே. தகுதியுள்ள பெண்கள் அவர்களுக்குத் தெரியாமல் இல்லை. ஒரு பெண்ணைத்தான் பரிந்துரைக்கவேண்டும் என்று நிபந்தனை போட்டதும் தகுதியான பெயர்களைத் தந்தார்கள். யாரும் கேட்காதவரை அந்தப் பெயர்கள் வெளியே வரவில்லை. பெங்களூர் நிறுவனங்களில் ஊழியர் பரிந்துரை மூலம் ஆள் எடுப்பது சாதாரண வழக்கம். அதற்கு ஊக்கத்தொகையும் உண்டு. ‘உங்களுக்குத் தெரிந்த ஒருவரை’ என்று கேட்கும் அந்தப் படிவத்தில், ‘உங்கள் கல்லூரியில் படிக்காத, உங்கள் தாய்மொழி பேசாத ஒருவரை’ என்று இன்னொரு வரி சேர்த்துக் கேட்பதற்கு எந்தச் செலவும் கிடையாது. மனிதவளத் துறையில் யாராவது ஒருவர் அதைத் தட்டச்சு செய்தால் போதும்.